எத்தனை மாடி என்பது கடைசிக் கேள்வி

காலியாகக் கிடந்த ஒரு நிலத்தில் அறிவிப்புப் பலகை வந்து நிற்கிறது. இத்தனை வீடுகள், இத்தனை மாடிகள், ஆட்சேபணை இருந்தால் இந்தத் தேதிக்குள் தெரிவிக்கலாம். அதுவரை ஒருவரோடு ஒருவர் அதிகம் பேசாத தெரு அன்றைக்கே கூடிப் பேச ஆரம்பித்துவிடும். "இந்த இடத்துக்கு இது ரொம்பப் பெரிசு" என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. ஆனால் ஒவ்வொருவரையும் தனியே கேட்டுப் பாருங்கள். ஒட்டினாற்போல் வீடு வைத்திருப்பவருக்கு வெளிச்சம் போய்விடுமே என்ற கவலை. சந்திப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கார்கள். வாடகைக்கு இருப்பவருக்கு, பளபளப்பான புதுக் கட்டடம் தன் வாடகையையும் ஏற்றிவிடுமோ என்ற பயம். கடன் போட்டு வீடு வாங்கியவருக்கு நேர்மாறாக, தன் வீட்டின் விலை இறங்கிவிடுமோ என்ற பயம். இன்னும் சிலருக்கு வரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்ற தயக்கம்; அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இவ்வளவும் மனுவில் ஒரே வரியாகச் சுருங்கிவிடும்: மாடிகளைக் குறையுங்கள், வீடுகளைக் குறையுங்கள். பலகையில் பெரிய எழுத்தில் இருப்பவை அந்த இரண்டு எண்கள்தான் என்பதால் சண்டையும் அவற்றைச் சுற்றியே நடக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர்களின் அன்றாடத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு எண்கள். அவை திட்ட அறிக்கையின் பின்னிணைப்புகளில், வரைபடத்தின் ஓரங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கே போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

உயரம் வேறு, நெருக்கம் வேறு

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைப் பல நகரங்கள் தளப்பரப்புக் குறியீட்டால் அளக்கின்றன. எஃப்.எஸ்.ஐ. என்றால் சட்டென்று புரியும். எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் வரும் எண் அது. 4,000 சதுர மீட்டர் மனையில் குறியீடு 2 என்றால் 8,000 சதுர மீட்டர் கட்டலாம். படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 80 வீடுகள். இந்த 80 வீடுகளை மனை முழுவதையும் அடைத்து இரண்டு தளங்களில் கட்டலாம். பாதி மனையில் என்றால் நான்கு தளங்கள், கால் மனையில் எட்டு, எட்டில் ஒரு பங்கு மனையில் பதினாறு. எப்படிக் கட்டினாலும் ஆட்கள் எண்ணிக்கை ஒன்றுதான், கார்கள் ஒன்றுதான், தண்ணீர்ச் செலவும் ஒன்றுதான். நிழல் எங்கே விழுகிறது, மரத்துக்கும் மழைநீருக்கும் எவ்வளவு மண் மிஞ்சுகிறது, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் புதுச் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்பவைதான் மாறும்.

ஆகவே "பதினாறு மாடியா, எட்டாகக் குறையுங்கள்" என்று அக்கம்பக்கம் கேட்டு, பில்டரும் பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டால், சில சமயம் கட்டடம் அப்படியே படுத்துக்கொள்கிறது. வீடுகளின் எண்ணிக்கை மாறாமல் இருக்க, பின்பக்கம் விட்டிருந்த திறந்தவெளி காணாமல் போகிறது. ஜெயித்த மகிழ்ச்சி சுவர் எழும்பும் வரைதான்.

1960களில் கேம்பிரிட்ஜில் லெஸ்லி மார்ட்டின், லயனல் மார்ச் என்ற இரண்டு கட்டடக்கலை அறிஞர்கள் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள். மனையின் நடுவில் கோபுரமாக நிறுத்துவதற்குப் பதிலாக, ஓரங்களைச் சுற்றிக் கட்டி நடுவில் பெரிய முற்றம் விட்டால், அதே தளப்பரப்பை மிகக் குறைந்த உயரத்திலேயே அடைந்துவிடலாம். பாரிஸ் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட நகரம். பெரும்பாலும் ஆறேழு தளங்களுக்கு மேல் போகாத அந்த நகரத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கிறார்கள். 210 மீட்டர் உயர மோன்பர்னாஸ் கோபுரம் 1973-ல் எழுந்து எல்லாரையும் முகம் சுளிக்க வைத்ததும், 1977-ல் 37 மீட்டர் உச்சவரம்பு வந்தது. 2010 வாக்கில் அதைத் தளர்த்திப் பார்த்தார்கள். 180 மீட்டர் உயர முக்கோணக் கோபுரத் திட்டம் கிளப்பிய நீண்ட சச்சரவுக்குப் பின் 2023-ல் மறுபடியும் 37 மீட்டருக்கே திரும்பினார்கள். உயரத்துக்குத்தான் அங்கே தடை, நெருக்கத்துக்கு அல்ல.

சரி, நெருக்கமே கெடுதல் என்று வாதிடுபவர்கள் வழக்கமாகக் காட்டுவது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பை. 57 ஏக்கரில் 11 மாடிக் கட்டடங்கள் 33, சுமார் 2,870 வீடுகள். 1950களின் நடுவில் கட்டி முடித்ததை 1972-ல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் ஏக்கருக்கு 50 வீடுகள். நியூயார்க்கில் 1940களில் கட்டிய ஸ்டைவசன்ட் டவுனிலும் அதை ஒட்டிய பீட்டர் கூப்பர் வில்லேஜிலும் 80 ஏக்கரில் 11,000-க்கும் அதிகமான வீடுகள். ஏக்கருக்குச் சுமார் 140. பார்வைக்கு அவையும் அலங்காரமில்லாத செங்கல் அடுக்குகள்தான். முக்கால் நூற்றாண்டு கடந்தும் நன்றாகவே நிற்கின்றன. (தொடக்கத்தில் கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு தர மறுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) ப்ரூயிட்-ஐகோவில் பராமரிப்புச் செலவுக்குக் குடியிருப்போர் தரும் வாடகையையே நம்பியிருந்தார்கள். நகரத்திலிருந்து மக்கள் வெளியேற, வீடுகள் காலியாகி, வாடகை வரவு விழுந்து, லிஃப்ட்டைப் பழுதுபார்க்கவும் பணமில்லாமல் போனது. ஒரு பெரிய குடியிருப்பைப் பற்றிப் பயப்பட வேண்டுமானால் முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்: பத்து, பதினைந்து வருஷம் கழித்துப் பெரிய பழுது வரும்போது அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? பொதுவிசாரணைகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

பழைய பயம்

பக்கத்தில் பெரிதாக ஒன்று எழும்பினால் மனிதர்களுக்குப் பிடிப்பதில்லை என்பது நேற்று வந்த விஷயம் அல்ல. ரோமாபுரியில் அடுக்குக் குடியிருப்புகள் இடிந்து விழுந்துகொண்டிருந்த காலத்தில் அகஸ்டஸ் பேரரசர் 70 ரோமானிய அடிக்கு மேல் கட்டக் கூடாது என்றார். பின்னால் வந்த டிராஜன் அதை 60 ஆக்கினார். லண்டனில் 1870களில் எழுந்த குவீன் ஆன்ஸ் மேன்ஷன்ஸ் அடுக்குமாடி, நாடாளுமன்றக் கட்டடத்தை அரண்மனையிலிருந்து பார்க்க முடியாமல் மறைத்தது என்று விக்டோரியா ராணியே எரிச்சல்பட்டார். 1894-ல் அந்த நகரத்தின் கட்டடச் சட்டம் 80 அடி வரம்பு விதித்தது. மகாராணியாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரர்தானே.

இன்றைய விதிகளின் மூலம் நியூயார்க்கின் ஈக்விட்டபிள் கட்டடத்தில் இருக்கிறது. 1915-ல் முடிந்தது, மனையின் விளிம்பிலிருந்து செங்குத்தாக மேலே போனது, தளப்பரப்பு மனையைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. கீழே தெருக்கள் இருண்டன. அடுத்த ஆண்டே, 1916-ல், உயரம் கூடக்கூடக் கட்டடம் உள்வாங்க வேண்டும் என்ற மண்டல விதி வந்தது. தளப்பரப்புக் குறியீடு அந்த நகரத்தின் விதிக்குள் நுழைந்தது 1961-ல்.

ஆனால் இந்த வரலாற்றில் வெளிச்சமும் காற்றும் மட்டும் இல்லை. நிறத்தின் அடிப்படையில் குடியிருப்புப் பகுதிகளைப் பிரிக்கும் நகரச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-ல் தீர்ப்பளித்தது. 1926-ல் அதே நீதிமன்றம் யூக்ளிட் வழக்கில் நிலப் பயன்பாட்டு மண்டலங்களை அங்கீகரித்தது. அந்தத் தீர்ப்பில், தனி வீடுகள் உள்ள பகுதிக்குள் வரும் அடுக்குமாடிக் கட்டடம் வெறும் ஒட்டுண்ணி என்று எழுதியிருக்கிறது. நேரடியாகத் தடுக்க முடியாதவர்களை மனை அளவு, வீட்டு வகை, மாடி எண்ணிக்கை ஆகிய விதிகளால் தள்ளி நிறுத்தலாம் என்பதைப் பல ஊர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டன. இன்று நியாயமான கவலையோடு எழுந்து பேசுபவர், தன் குரலுக்குப் பின்னால் இந்தப் பழைய குரலும் கேட்கக்கூடும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. குறிப்பாக "நம்ம ஏரியாவின் தன்மை" என்று சொல்லும்போது.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை

அக்கம்பக்கத்தாரும் பில்டரும் அதிகமாக மோதிக்கொள்ளும் இடம் போக்குவரத்து. இதில் இரு தரப்பும் ஒரே சமயத்தில் உண்மை பேசலாம் என்பதுதான் விசித்திரம்.

பில்டர் தரப்பின் அறிக்கை இப்படிப் போகும். அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் கையேடுகளில், நடுத்தர உயர அடுக்குமாடியில் மாலை நெரிசல் நேரத்தில் ஒரு வீட்டுக்கு மணிக்குச் சுமார் 0.4 கார்ப் பயணம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தனி வீட்டுக்கு இது ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அதன்படி 300 வீடுகள் வந்தால் மணிக்கு 120 கார். அரை நிமிடத்துக்கு ஒன்று. ஏற்கெனவே மணிக்கு 2,400 வண்டிகள் கடக்கும் சந்திப்பில் இது வெறும் 5 சதவீதம். "பெரிய பாதிப்பு இல்லை" என்று முடித்துவிடுவார்கள்.

குடியிருப்பவர்களுக்கு இதைப் படித்தால் ரத்தம் கொதிக்கும். கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. ஒரு சந்திப்பில் காத்திருக்கும் நேரம் வண்டிகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. எளிய வரிசைக் கணக்கின்படி, சந்திப்பின் கொள்ளளவில் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது கடந்து போக ஆகும் நேரத்தை ஒரு அளவாக வைத்துக்கொண்டால், 90 சதவீதத்தில் அது இரண்டு மடங்கு, 95-ல் நான்கு மடங்கு. நிஜச் சந்திப்பில் நெரிசல் நேரம் ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடுவதால் இவ்வளவு மோசமாகாது, ஆனால் போக்கு இதேதான். பாதி காலியாக இருக்கும் சாலையில் 120 கார் வந்தால் யாருக்கும் தெரியாது. விளிம்பில் தத்தளிக்கும் சந்திப்பில் அதே 120 கார் மாலையையே மாற்றிவிடும். அதனால் அறிக்கையில் தேட வேண்டியது எத்தனை சதவீதம் கூடுகிறது என்பதை அல்ல. இப்போது அந்தச் சந்திப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை.

அப்புறம், எந்த நாளில் எண்ணினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளி விடுமுறையில் எடுத்த கணக்கு வேறு, பள்ளி திறந்திருக்கும் செவ்வாய்க்கிழமை காலை வேறு. சுற்றுவட்டாரத்தில் அனுமதி வாங்கி இன்னும் கட்டாமல் இருக்கும் மற்றத் திட்டங்களைச் சேர்த்தார்களா என்பது இன்னொரு கேள்வி. தனித்தனியே பார்த்தால் எல்லாத் திட்டமும் 5 சதவீதம்தான். அப்படி நான்கு ஐந்துகள் ஒரே சாலையில் வந்து சேரும்போது அதற்குப் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பார்க்கிங் விஷயத்தில் எனக்கு அக்கம்பக்கத்தார் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. "கட்டடம் பெரிசு, கார்கள் அதிகம்" என்று எதிர்ப்பவர்களே அடுத்த வரியில் "வீட்டுக்கு இரண்டு கார் நிறுத்த இடம் வேண்டும்" என்று கேட்பார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தோடு அது வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் சுமார் 30 சதுர மீட்டர் போகும். மேலே பார்த்த 80 வீடுகளுக்கு ஒரு கார் வீதம் 2,400 சதுர மீட்டர். இரண்டு கார் என்றால் 4,800. மொத்த வீட்டுப் பரப்பில் பாதிக்கு மேல். இதைப் பூமிக்கடியில் கொண்டுபோனால் செலவு எகிறும், மரம் வேர்விட மண் இருக்காது. மேலே வைத்தால் தெருவைப் பார்த்தபடி இரண்டு மூன்று தளத்துக்கு ஜன்னலே இல்லாத குருட்டுச் சுவர். பல கட்டடங்கள் தெருவிலிருந்து பார்க்கப் பூதாகரமாகத் தெரிவதற்கு அந்தச் சுவர்தான் காரணம், அதற்கு மேலே இருக்கும் வீடுகள் அல்ல. நிறுத்த இடம் தாராளமாகக் கிடைத்தால் கார் வைத்திருப்போரும் கூடுவார்கள். இலவச பார்க்கிங்குக்கு ஒரு நகரம் கொடுக்கும் விலையை டொனால்ட் ஷூப் என்ற நகரமைப்புப் பேராசிரியர் 2005-ல் விரிவாக எழுதிய பிறகு பல நகரங்கள் யோசிக்க ஆரம்பித்தன. குறைந்தபட்சம் இத்தனை பார்க்கிங் என்ற விதியை அமெரிக்காவின் பஃபலோ 2017-ல் நகரம் முழுவதும் எடுத்துவிட்டது. தெருவில் கண்டபடி நிறுத்துவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்குத் தெருவில் அனுமதிச்சீட்டு முறை கொண்டுவரலாம். கட்டடத்தைப் பெருக்க வைப்பது மருந்தாகாது.

நிழலை அளக்கலாம்

வெளிச்சம் பற்றிய புகாரை அதிகாரிகள் உணர்ச்சிப் பேச்சாகவே எடுத்துக்கொள்வார்கள், அளந்து சொல்லாதவரை. அளக்க வழிகள் இருக்கின்றன. பிரிட்டனில் பின்பற்றும் வழிகாட்டுதலின்படி, உங்கள் வீட்டின் கீழ்த்தள ஜன்னலின் நடுப்புள்ளியிலிருந்து எதிரே 25 டிகிரி கோணத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும். புதுக் கட்டடம் அந்தக் கோட்டுக்குள் அடங்கினால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. தாண்டினால் விரிவான ஆய்வு வேண்டும். ஜன்னல் நடுப்புள்ளி 2 மீட்டர் உயரத்தில், கட்டடம் 20 மீட்டர் தள்ளி என்றால், ஏறத்தாழ 11 மீட்டர் உயரம் வரை அந்தக் கோட்டுக்குள் வரும். அதே கட்டடம் 40 மீட்டர் தள்ளிப் போனால் 20 மீட்டர் வரை போகலாம். நான்கு மாடிக் கட்டடம் பக்கத்தில் இருப்பதைவிட ஆறு மாடிக் கட்டடம் தள்ளி இருப்பது உங்கள் ஜன்னலுக்கு நல்லதாக இருக்கலாம் என்பது இதிலேயே தெரிகிறது.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. வெயிலை மறைக்கிறார்கள் என்று குடியிருப்போர் தொடுத்த வழக்குகளும் போராட்டங்களும் பெருகிய பின், 1976-ல் கட்டடச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆண்டிலேயே நிழல் மிக நீளமாக விழும் குளிர்காலச் சங்கராந்தி நாளில், பொதுவாகக் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள், மனை எல்லையைத் தாண்டி எத்தனை மணி நேரம் வரை நிழல் விழலாம் என்று குடியிருப்புப் பகுதிகளுக்கு வரம்பு வைத்தார்கள். அங்கே "ரொம்பப் பெரிசு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை மணி நேரத்துக்கு மேல் நிழல், அனுமதி இல்லை, அவ்வளவுதான். இந்த எண்களை அப்படியே எல்லா ஊருக்கும் தூக்கிப்போக முடியாது. சூரியன் உச்சியில் காயும் வெப்ப நாடுகளில் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் வரமாகக்கூட இருக்கலாம். அங்கே காற்றோட்டமும், மேல்மாடியிலிருந்து நம் முற்றத்துக்குள் விழும் பார்வையும்தான் பெரிய பிரச்சினை. ஜன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன, பால்கனிகள் எங்கே என்பதை வரைபடத்தில் பார்த்து மாற்றச் சொல்வது எளிது. பில்டருக்கும் இதில் பெரிய நஷ்டமில்லை என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.

குழாய் யாருடையது, பணம் யாருடையது

கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், பள்ளி இடங்கள். இவற்றில் அளவைவிட வரிசைதான் முக்கியம்: முதலில் எது வருகிறது? வீடுகளில் ஆட்கள் குடியேறி மூன்று வருஷம் கழித்துப் பெரிய குழாய் போட்டால், அந்த மூன்று வருஷத்தில் பின்னோக்கி வழிந்த கழிவுநீருக்கு யார் பதில் சொல்வது?

இங்கிலாந்தில் 1990-ன் நகரமைப்புச் சட்டத்தின் 106-வது பிரிவு இதற்காகவே பயன்படுகிறது. அனுமதி தரும்போதே உள்ளாட்சியும் பில்டரும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள்: பள்ளிக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு, குறைந்த விலை வீடுகள் இத்தனை. பணம் எப்போது வர வேண்டும் என்பதற்கு ஒரு தருணத்தைக் குறித்துவைப்பது வழக்கம். ஐம்பதாவது வீட்டில் ஆள் குடியேறும் முன், நூறாவது வீடு விற்கும் முன் என்பது போல. தொகையைப் பற்றி ஊரே விவாதிக்கும். அந்தத் தருணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 150 வீட்டுத் திட்டத்தில் 140-வது வீட்டோடு இணைத்த நிபந்தனை என்றால், விற்பனை மந்தமாகி 130-ல் நின்றுவிட்டால் அந்தப் பணம் வரவே வராது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஏற்கெனவே உடைந்து கிடக்கும் எல்லாவற்றையும் புதிதாக வருபவர் தலையில் கட்ட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் டோலன் வழக்கில் இதைத்தான் சொன்னது: நகரம் கேட்கும் கைம்மாறு, அந்தத் திட்டத்தால் வரும் பாதிப்புக்கு ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும். முப்பது வருஷமாக வடிகால் இல்லாத தெருவுக்கு வடிகால் போடுவது நகராட்சியின் வேலை. புதுக் கட்டடம் அந்தக் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கலாம், அவ்வளவே. பல எதிர்ப்புகளில் உண்மையான கோபம் நகராட்சி மேல்தான். கண்ணுக்கு அகப்படுபவர் பில்டர் என்பதால் அவர்மேல் பாய்கிறது.

மழைநீரைப் பற்றி ஒன்று. வடிகாலுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதை மாடி எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை, மண்ணை எவ்வளவு மூடுகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. மேலே புல்வெளி வரைந்திருந்தாலும் கீழே மனை முழுக்க நிலத்தடி கார் நிறுத்தம் இருந்தால் அந்தப் புல்லுக்குக் கீழே ஒன்றிரண்டு அடி மண்தான். வரைபடத்தில் அடித்தளத்தின் எல்லைக்கோட்டைத் தேடிப் பாருங்கள்.

விலையும் வாடகையும், வராதவர்களும்

வீட்டின் விலை விழுந்துவிடும் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஆனால் வில்லியம் ஃபிஷெல் என்ற பொருளியலாளர் 2001-ல் முன்வைத்த விளக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. சொந்த வீடு உள்ள பல குடும்பங்களின் சொத்தில் பெரும்பகுதி அந்த ஒரே வீட்டில் முடங்கியிருக்கிறது. தீப்பிடித்தால் காப்பீடு உண்டு. பக்கத்தில் ஏதோ வந்து விலை இறங்கினால் காப்பீடு இல்லை. அதனால் சின்ன ஆபத்துக்கும் பெரிய பதற்றம். இது சுயநலம் என்று திட்டித் தீர்த்துவிடக் கூடிய விஷயமல்ல. ஆனால் இதற்காக ஒரு நகரமே வீடு கட்டாமல் இருக்கவும் முடியாது.

வாடகைக்காரர்களின் பயத்துக்கு ஆய்வுகள் ஓரளவு பதில் சொல்கின்றன. அமெரிக்க நகரங்களின் வருமானம் குறைந்த பகுதிகளில் எழுந்த பெரிய அடுக்குமாடிகளை ஆராய்ந்த ஆஸ்க்வித், மாஸ்ட், ரீட் ஆகியோர், மிக அருகிலுள்ள வீடுகளின் வாடகை சற்றுத் தள்ளியுள்ள வீடுகளோடு ஒப்பிடுகையில் சுமார் 6 சதவீதம் குறைவாக இருந்ததைக் கண்டார்கள். புதுக் கட்டடத்துக்குப் போகக்கூடியவர்கள் பழைய வீடுகளுக்குப் போட்டியிடுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதே விளக்கம். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016-ல் குடியிருப்பு நிலத்தின் பெரும்பகுதியில் அதிகம் கட்ட அனுமதித்தது. ஆண்டுக்குச் சுமார் 10,000 ஆக இருந்த வீட்டு அனுமதிகள் 2022-ல் 21,000-ஐத் தாண்டின. ஆனால் இது சராசரிக் கணக்கு. இப்போது மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் பழைய குடியிருப்பை இடித்துத்தான் புதியது வருகிறது என்றால், அங்கிருந்து கிளம்புகிற குடும்பத்துக்கு இந்தச் சதவீதத்தால் எந்தப் பயனும் இல்லை. காலி நிலத்தில் கட்டுவதும் ஆட்களைக் கிளப்பிவிட்டுக் கட்டுவதும் ஒரே அளவாக இருந்தாலும் ஒன்றல்ல. எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதற்கு முன், அங்கே இருப்பவர்கள் திரும்பி வர உரிமை உண்டா என்று கேட்கலாம்.

பொதுவிசாரணைகளில் பேசுபவர்கள் யார் என்பதை மாசசூசெட்ஸில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூட்டக் குறிப்புகளை வைத்துக் கணக்கெடுத்தார்கள். பேசியவர்கள் ஊரின் சராசரி வாக்காளரைவிட வயதானவர்கள், ஆண்கள் அதிகம், சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம், நெடுநாள் குடியிருப்பவர்கள். அறுபது சதவீதத்துக்கும் மேல் எதிர்த்தார்கள். ஆதரித்தவர்கள் ஏறத்தாழ ஏழில் ஒருவர். அந்தக் கட்டடத்தில் நாளைக்கு வாழப்போகிறவர் அந்தக் கூட்டத்துக்கு வர மாட்டார். தான் அங்கே வாழப்போவது அவருக்கே இன்னும் தெரியாது.

பேரத்துக்குப் பின்

பில்டர்களுக்கு இதெல்லாம் தெரியும். கடைசியில் குறைக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தே கூட்டிக் கேட்பது தொழிலில் சகஜம். அவர் 150 மனதில் வைத்துக்கொண்டு 200 கேட்க, ஊர் கொதித்து, 150-ல் சமரசம் ஆகும். குறையும் ஐம்பதில் முதலில் போவது குறைந்த விலை வீடுகள். வீடுகள் குறைந்ததால் திட்டம் கட்டுப்படியாகவில்லை என்று காரணம் வரும். எண்ணிக்கையை வைத்து எழுதும் விதி என்ன செய்யும் என்பதற்கு நியூயார்க்கில் சமீபத்திய உதாரணம் இருக்கிறது. 2024-ல் வந்த வரிச்சலுகைச் சட்டம் 100 வீடுகளோ அதற்கு மேலோ இருந்தால் கட்டுமானத் தொழிலாளர் ஊதிய விதிகள் பொருந்தும் என்றது. அதன் பின் 99 வீடுகள் கொண்ட திட்டங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன.

அதனால் மனு எழுத உட்காருபவர்கள் மாடியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, விடை எண்ணாகவோ தேதியாகவோ வரக்கூடிய கேள்விகளிலிருந்து தொடங்கலாம். எல்லைச் சுவரிலிருந்து கட்டடம் எத்தனை மீட்டர்? மேல் இரண்டு தளங்கள் உள்வாங்குமா? தெருவைப் பார்த்த கீழ்த்தளத்தில் வாசல்கள் இருக்குமா, கார்ச் சுவரா? குழாய் எப்போது வரும்? இந்தக் கேள்விகளுக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும். "ரொம்பப் பெரிசு" என்பதற்குத் தலையாட்டிவிட்டு அடுத்தவரை அழைத்துவிடலாம்.

அனுமதி வந்த பிறகும் திட்டம் மாறிக்கொண்டேதான் இருக்கும். சின்னத் திருத்தம் என்று ஒரு விண்ணப்பம், அப்புறம் இன்னொன்று. செங்கல் முகப்பு சாதாரணப் பூச்சாக மாறும், மொட்டைமாடியில் இயந்திர அறை முளைக்கும், பெரிய வீடுகள் சின்ன வீடுகளாகப் பிரியும். பல இடங்களில் இப்படிப்பட்ட சிறு திருத்தங்களுக்கு அக்கம்பக்கத்தாரிடம் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று கட்டங்களாகக் கட்டும் திட்டத்தில் பூங்கா மூன்றாம் கட்டத்தில் இருந்தால், சந்தை சரியும்போது முதலில் கைவிடுவது அந்தக் கட்டத்தைத்தான். எதிர்ப்புக் குழுக்கள் பெரும்பாலும் அனுமதி வந்த வாரத்திலேயே கலைந்துபோகின்றன. நிபந்தனைகள் நடக்கின்றனவா என்று பார்க்கும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஒன்றிரண்டு பேராவது கோப்பைக் கையில் வைத்திருந்தால் அது நடக்கும்.